பாயிண்டைத் திருப்பினால் ட்ரிப் ஆகிறது: பெட்டியா, வயரிங்கா? கம்பெனி சப்போர்ட்டுக்கு என்ன எழுதுவது?

சிப்புட்_சைடிங் எழுதியது:

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உள்ள ஓர் எச்ஓ (1:87 அளவு மாதிரி ரயில்) லேஅவுட்டில் வந்திருக்கும் சிக்கல் இது. கேட்கும்முன் விவரத்தை முழுதாகக் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு சுவரை ஒட்டி எல் வடிவப் பலகை. ஒரு கை 18 அடி, மறு கை 10 அடி. பெக்கோ கம்பெனியின் கோட் 100 தண்டவாளம் (கோட் என்பது தண்டவாள உயரத்தின் எண்). மெயின் லைன் ஒன்றுதான். அதிலிருந்து ரப்பர் ஆலைக்கு ஒரு சைடிங் (பிரிந்து போகும் பக்கத் தடம்), பாமாயில் டேங்கர் நிற்க ஒரு சைடிங். தடம் பிரியும் இரண்டு பாயிண்டும் எலக்ட்ரோஃப்ராக் வகை. இரண்டிலும் நாக்கு (நகரும் தண்டவாளம்) இருக்கும் முனை பெட்டியின் பக்கம். கண்ட்ரோல் பெட்டி டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்புவது), 5 ஆம்பியர், ஐரோப்பியக் கடையில் இணையம் வழி வாங்கியது. வாரண்டி இன்னும் இருக்கிறது.

முதல் ஆறு மாதம் பெட்டியிலிருந்து ஒரே ஒரு ஜோடி வயர், லைனின் தொடக்கத்தில் மட்டும். கடைசி முனைக்குப் போகப் போக எஞ்சின் மெதுவாகும், விளக்கு மங்கும். அதற்காகப் போன மாதம் கடைசி முனையிலும் ஒரு ஜோடி வயர் கொடுத்தேன். பலகைக்கு அடியில் ஓடுவது டெலிபோன் வயர், 0.5 மி.மீ. செம்புக் கம்பி. அதன் பிறகு நடப்பவை:

இரண்டு பாயிண்டில் எதைச் சைடிங் பக்கம் திருப்பினாலும் பெட்டி உடனே ட்ரிப். மெயின் பக்கம் திருப்பினால் மறுபடி வேலை செய்கிறது. முன்பு இது இல்லை.

கடைசி முனையில் மங்கல் குறைந்ததே தவிர போகவில்லை.

அதே முனையில் ஓர் எஞ்சின் தடம் புரண்டு, குறுக்காகக் கிடந்தது. அப்போது பெட்டி ட்ரிப் ஆகவே இல்லை. சக்கரம் தொட முடியாத சூடு. எஞ்சின் போகியின் (சக்கரச் சட்டத்தின்) பிளாஸ்டிக் பக்கவாட்டு இளகிவிட்டது.

ஆக வேண்டிய இடத்தில் ட்ரிப் ஆகவில்லை, ஆகக் கூடாத இடத்தில் ஆகிறது. பெட்டிக்குள்தான் கோளாறு என்று நினைத்து, தயாரிப்பாளரின் டெக்னிக்கல் சப்போர்ட்டுக்கு "அடிக்கடி ட்ரிப் ஆகிறது, மாற்றித் தாருங்கள்" என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து ஒரே வரி: வயரிங்கைச் சரிபார்க்கவும். மறுபடி எழுதியதற்கு, பெட்டியை உங்கள் செலவில் அனுப்புங்கள், குறை இல்லாவிட்டால் சோதனைக் கட்டணம் உண்டு என்கிறார்கள்.

பெட்டியா, வயரிங்கா என்று இங்கிருந்தே எப்படிப் பிரித்தறிவது? சப்போர்ட்டுக்கு எப்படி எழுதினால் ஒழுங்கான பதில் வரும்?

---

பழைய_சிக்னல் எழுதியது:

தம்பி, பெட்டியை இப்போ அனுப்பாதீங்க. நீங்க எழுதியதைப் பார்த்தாலே முக்கால்வாசி புரியுது. ஆனா ஊகம் பண்ணி வேலை செய்யக் கூடாது, அதனால முதல்ல பெட்டியையும் லேஅவுட்டையும் தனித்தனியா பிரிங்க. அரை மணி நேர வேலைதான்.

பெட்டியிலிருந்து தண்டவாளத்துக்குப் போற ரெண்டு வயரையும் கழற்றிடுங்க. ரெண்டு ஜோடியையும். ஒண்ணுமே மாட்டாம பெட்டியைப் போடுங்க. பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. ஒண்ணும் மாட்டாதப்பவே ட்ரிப் ஆனா, கோளாறு பெட்டியில இல்லேன்னா அடாப்டர்ல. அத்தோட விஷயம் முடிஞ்சது, வாரண்டிக்கு எழுதுங்க.

ஆகலேன்னா, லேஅவுட்டில இல்லாத ஒரு தனித் தண்டவாளம், ஒரு மீட்டர் இருந்தா போதும், மேசையில வச்சு பெட்டியிலிருந்து ஒரு அடி வயர்ல நேரா மாட்டுங்க. ஒரு எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டுங்க. பிறகு எஞ்சினை எடுத்துட்டு 20 காசை ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைங்க. உடனே ட்ரிப் ஆகணும். காசை எடுத்ததும், இல்லேன்னா ரீசெட் பண்ணதும், மறுபடி மின்சாரம் வரணும். இது ரெண்டும் சரியா நடந்தா அந்தப் பெட்டியில குறை இல்லை. கம்பெனிக்காரன் சோதனை மேசையில செய்யப் போறதும் கிட்டத்தட்ட இதேதான்.

அடுத்தது லேஅவுட். பெட்டி கழற்றினபடியே இருக்கட்டும், ஆனா ரெண்டு ஜோடியோட சிவப்பு முனைகளை ஒண்ணாவும் கறுப்பு முனைகளை ஒண்ணாவும் சேர்த்து வைங்க. எல்லா எஞ்சினையும், விளக்கு வச்ச ரயில் பெட்டிகளையும் தண்டவாளத்தை விட்டு எடுத்துடுங்க. மீட்டரை ஓம்ல வச்சு, ஒரு முனையை இந்தத் தண்டவாளத்துல, இன்னொண்ணை அந்தத் தண்டவாளத்துல. ரெண்டு பாயிண்டும் மெயின் பக்கம் இருக்கும்போது இணைப்பே இல்லைன்னு காட்டணும். இப்போ ஒரு பாயிண்டை சைடிங் பக்கம் திருப்புங்க. மீட்டர் சில ஓமுக்கு இறங்கிடும்னு நினைக்கிறேன். இறங்கினா, பெட்டியே இல்லாதப்போ ஷார்ட் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் பெட்டியை யாரும் குறை சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆகுதுன்னா: எலக்ட்ரோஃப்ராக் பாயிண்டில, ரெண்டு உள்தண்டவாளமும் வி மாதிரி சேருற இடம், அதாவது ஃப்ராக், முழுக்க உலோகம். நகர்ற நாக்கு ரெண்டும் அதோட சேர்ந்தே இருக்கு. நாக்கு எந்த வெளித்தண்டவாளத்தைத் தொடுதோ, அதோட மின்சாரம் ஃப்ராக்குக்கு வரும். ஃப்ராக்கைத் தாண்டிப் போற உள்தண்டவாளம் ரெண்டுக்கும் அதே மின்சாரம்தான், மெயினுக்கும் சரி, சைடிங்குக்கும் சரி.

இடது தண்டவாளத்தை சிவப்புன்னும் வலதைக் கறுப்புன்னும் வச்சுக்கிட்டு, சைடிங் வலப்பக்கம் பிரியுதுன்னு வைங்க. மெயின் பக்கம் திருப்பினா ஃப்ராக் கறுப்பு. மெயினோட உள்தண்டவாளம் கறுப்பு, சரி. சைடிங் பக்கம் திருப்பினா ஃப்ராக் சிவப்பாயிடும். இப்போ மெயின்ல ஃப்ராக்கைத் தாண்டின உள்தண்டவாளமும் சிவப்பு. முன்னாடி அந்தப் பக்கம் வயரே இல்லை, அதனால அந்தப் பகுதி சும்மா செத்துக் கிடந்தது, ஒண்ணும் ஆகலை. போன மாசம் கடைசி முனையில ஒரு ஜோடி கொடுத்தீங்களே, அது அதே தண்டவாளத்துக்குக் கறுப்பை அனுப்புது. ஃப்ராக்கிலிருந்து சிவப்பு, அந்த வயர்லேர்ந்து கறுப்பு, ரெண்டும் ஒரே தண்டவாளத்துல சந்திக்குது. ட்ரிப் ஆகாம என்ன செய்யும்?

அதனால அந்த ட்ரிப் பெட்டி தன் வேலையைச் செய்ததுதான்.

தீர்வு: ஃப்ராக்கைத் தாண்டி, ரெண்டு உள்தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும், மின்சாரத்தைக் கடத்தாது). கோட் 100-க்குப் பெக்கோ எஸ்எல்-11, கோட் 75-ஆக இருந்தா எஸ்எல்-111. ஒரு பாயிண்டுக்கு ரெண்டு, உங்களுக்கு மொத்தம் நாலு. ஏற்கெனவே ஆணியடிச்ச தண்டவாளத்தைக் கிளப்ப மனசு வரலேன்னா, ஃப்ராக்கிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மெல்லிய வெட்டு ரம்பத்தால அந்த ரெண்டு உள்தண்டவாளத்தை மட்டும் அறுத்து, இடைவெளியில சின்ன பிளாஸ்டிக் துண்டை வச்சு ஒட்டிடுங்க. துண்டு வைக்காம விட்டா, மத்தியான வெயிலுக்கு ஓட்டு வீட்டுல தண்டவாளம் நீண்டு வெட்டு மூடிக்கும். காலையில ஓடுறது மூணு மணிக்கு ட்ரிப் ஆகும், காரணமே கண்டுபிடிக்க முடியாது.

இதுல எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பிளாஸ்டிக் ஜாயினர் போட்டதும், ரெண்டு பாயிண்டுக்கும் நடுவுல இருக்கிற மெயின் துண்டோட ஒரு தண்டவாளம் ரெண்டு பக்கமும் அறுபட்டுப் போகும். எஞ்சின் அங்க போய் நின்னுடும். அதே மாதிரி ரெண்டு சைடிங்கோட உள்தண்டவாளமும். அதனால தொடக்கம், ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல, கடைசி, சைடிங் ரெண்டு, ஆக அஞ்சு இடத்துல ஃபீடர் வயர், அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவர்ற ஜோடி, கட்டாயம். அஞ்சுலயும் சிவப்பு எப்பவும் ஒரே பக்கத் தண்டவாளம். இடையில ஒண்ணு மாறினா மறுபடி முதல்லேர்ந்து.

---

ஓம்_விதி எழுதியது:

பாயிண்ட் விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. எனக்குக் கவலை தருவது மூன்றாவது அறிகுறிதான்: தடம் புரண்டும் ட்ரிப் ஆகாதது. பாயிண்ட் ட்ரிப் தொல்லை மட்டுமே. இது தீ வைக்கும்.

5 ஆம்பியர் பெட்டி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் இழுத்தால்தான் அதற்கு ஷார்ட் என்று தெரியும். பெட்டிக்கும் ஷார்ட்டுக்கும் நடுவே உள்ள வயரும் ஜாயினரும் தண்டவாளமும் சேர்ந்து 3 ஓம் தடை கொடுத்தால், 14.5 வோல்ட்டில் ஓடக்கூடியது 4.8 ஆம்பியர்தான். பெட்டிக்கு அது பல எஞ்சின் ஓடுவதுபோலத் தெரியும், அனுப்பிக்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 70 வாட் வெப்பம் வழியெங்கும் இருக்கும் மோசமான இணைப்புகளில் இறங்கும். தளர்ந்த ஜாயினர் ஒன்று, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளி ஒன்று, அங்கேதான் அதிகம். உங்கள் போகி இளகியது அதனால்தான்.

இதை அளந்து பார்க்கலாம். மோட்டார்சைக்கிள் கடையில் பிரேக் விளக்கு பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒன்று வாங்குங்கள். கடைசி முனையில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே அதை மாட்டுங்கள். பல்பு நன்றாகச் சுடும், பலகை மேல் வைக்காமல் ஒரு டைல்ஸ் துண்டின் மேல் வையுங்கள். பெட்டியின் திரையில் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பெட்டி முனையிலும் பல்பு முனையிலும் வோல்ட் அளந்து கழித்து, ஆம்பியரால் வகுத்தால் வழியின் தடை கிடைக்கும்.

மீட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. டிசிசி வீட்டு மின்சாரம்போல வினாடிக்கு 50 சுழற்சி சைன் அலை இல்லை. சதுர அலை, பல ஆயிரம் சுழற்சி. சாதாரண மீட்டரின் ஏசி அளவு சைன் அலைக்கென்று கணக்கிடப்பட்டது, சதுர அலையை 1.11 மடங்கு கூட்டிக் காட்டும். சில மலிவு மீட்டர் அந்த வேகத்தில் என்ன காட்டும் என்றே சொல்ல முடியாது. சரியாக அளக்க நான்கு 1என்4148 டயோடை பிரிட்ஜாகக் கட்டி, அதன் வெளியீட்டில் 10 கிலோ ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இணையாக வைத்து, மீட்டரை டிசி அளவில் வைத்துப் படியுங்கள். வந்த எண்ணோடு 1.2 வோல்ட் கூட்டினால் அதுதான் தண்டவாள வோல்ட். மலிவான சாமான்தான். சப்போர்ட்டுக்கு எழுதும்போது "பிரிட்ஜ் வைத்து டிசியில் அளந்தது" என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பக்கம் படிப்பவர் உங்களை வேறு மாதிரி மதிப்பார்.

டெலிபோன் வயர் கணக்கு: 0.5 மி.மீ. விட்டமுள்ள செம்பு மீட்டருக்குச் சுமார் 0.088 ஓம். உங்கள் 28 அடி என்பது 8.5 மீட்டர், போக வர 17 மீட்டர், ஆக 1.5 ஓம். மீதி ஜாயினர்களில். தண்டவாளத்தையே வயராக நம்பவும் முடியாது. நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, செம்பைவிடப் பல மடங்கு தடை. ஜாயினரோ நம் ஈரக் காற்றுக்கு ஓராண்டில் கறுத்துவிடும்.

மாற்ற வேண்டியது: பஸ் வயர் (பலகைக்கு அடியில் நெடுக ஓடும் முதன்மை வயர்) 2.5 சதுர மி.மீ., ஹார்ட்வேர் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்பது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, ஒவ்வொன்றும் 9 மீட்டர். மீட்டருக்கு 0.0074 ஓம், 17 மீட்டருக்கு 0.13 ஓம்தான். இரண்டையும் அடிக்கு மூன்று நான்கு முறுக்கு முறுக்கிக் கொண்டுபோங்கள். ஃபீடர் 0.5 சதுர மி.மீ., ஓர் அடிக்கு மேல் நீளாமல். அண்ணன் சொன்ன ஐந்து இடம் குறைந்தபட்சம். நான் சொல்வது ஒவ்வொரு முழுத் தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி. பஸ்ஸோடு சேர்க்க வாகோ 221 நெம்பு இணைப்பி போதும். கத்தி வைத்து அழுத்தி மூடும் நீல இணைப்பி வேண்டாம், இந்த ஈரத்துக்கு உள்ளே பச்சை பூத்துவிடும்.

தண்டவாளத்தில் ஃபீடரைச் சோல்டர் செய்ய 60/40 ரோசின் உள்ளிருக்கும் ஈயக்கம்பி, 40 முதல் 60 வாட் இரும்பு. குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசையைத் தொடவே தொடாதீர்கள். ஆறு மாதத்தில் வயரை அரித்துத் தின்றுவிடும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைத் தேய்த்து, முதலில் அதில் ஈயம் பூசி, வயரிலும் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று வினாடி. அதற்கு மேல் வைத்தால் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை) உருகும். இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் சூடு அங்கேயே நிற்கும்.

முடிந்ததும் 20 காசுச் சோதனையை லேஅவுட் முழுக்க, ஒவ்வோர் அடிக்கும், சைடிங் கடைசி வரை செய்யுங்கள். ஓரிடத்தில் ட்ரிப் ஆகத் தயங்கினாலும் அந்த இடத்துக்கு இன்னொரு ஃபீடர்.

---

டிக்கெட்_எண் எழுதியது:

சப்போர்ட்டுக்கு எழுதுவது பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

"அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்று எழுதினால் "வயரிங்கைச் சரிபார்க்கவும்" என்ற பதில்தான் வரும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பலகையைப் பார்க்க முடியாது. அவரிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வயரிங் தவறுதான். நீங்கள் வயரிங்கை விலக்கிவிட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்பதை முதல் மூன்று வரியில் காட்டினால், இரண்டாவது ஆளிடம், அதாவது பெட்டியின் உள்விவரம் தெரிந்தவரிடம், கடிதம் போகும்.

அவர்களுக்குத் தேவைப்படுவது: மாடல் எண், பெட்டியின் அடியில் உள்ள சீரியல் எண், மென்பொருள் பதிப்பு எண், வாங்கிய தேதியும் ரசீதும். அடாப்டர் யாருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அதன் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். வேறு அடாப்டர் மாட்டியிருந்தால் மறைக்க வேண்டாம், பின்னால் தெரிந்தால் வாரண்டியே போகும். ட்ரிப் ஆகும்போது எந்த விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதை எண்ணி எழுதுங்கள். பல பெட்டிகளில் ஷார்ட்டுக்கு ஒரு வகைச் சிமிட்டல், சூடேறியதற்கு வேறு வகை, உள்ளே வரும் வோல்ட் குறைந்ததற்கு இன்னொரு வகை. அந்த எண்ணிக்கையே பாதிப் பதில்.

ஓர் எஞ்சின் மட்டும் தகராறு செய்தால், புரோகிராமிங் தடத்தில் (டிகோடரைப் படிக்கப் பெட்டி தரும் தனி இணைப்பு) வைத்து, எஞ்சினுக்குள் கட்டளையை வாங்கும் டிகோடரின் சிவி 7, சிவி 8 (அதில் பதிந்திருக்கும் எண்கள்) இரண்டையும் படித்து எழுதுங்கள். 8 டிகோடர் தயாரிப்பாளரின் எண். ஈஎஸ்யூ 151, சிமோ 145, லென்ஸ் 99, டிஜிட்ராக்ஸ் 129, ஹார்ன்பி 48. 7 பதிப்பு. பெட்டிக்காரரிடம் டிகோடர் கேள்வியும், டிகோடர்காரரிடம் பெட்டிக் கேள்வியும் கேட்டு மாதக் கணக்கில் அலைவது இந்த இரண்டு எண்ணைப் படிக்காததால்தான்.

கடிதம் இப்படி இருந்தால் போதும். இதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"மாடல் இது, சீரியல் எண் இது, பதிப்பு இது. உங்கள் சொந்த அடாப்டர், உள்ளீடு 230 வோல்ட் 50 சுழற்சி. சோதனை ஒன்று: தண்டவாள வயர் எதுவும் மாட்டாமல் 10 நிமிடம், ட்ரிப் ஆகிறது அல்லது ஆகவில்லை. சோதனை இரண்டு: தனி ஒரு மீட்டர் தண்டவாளம், ஓர் எஞ்சின், இத்தனை ஆம்பியர், இத்தனை நிமிடம், விளைவு. சோதனை மூன்று: அதே தண்டவாளத்தில் நாணயத்தால் ஷார்ட், ட்ரிப் ஆனது அல்லது ஆகவில்லை, விளக்கு இத்தனை முறை சிமிட்டியது. வெளியீட்டு வோல்ட் இது, இந்த முறையில் அளந்தது. என் கேள்வி ஒன்று: இந்த விளைவுகளின்படி பெட்டியில் குறை உண்டா?"

ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி. இரண்டு கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். காகிதத்தில் கையால் வரைந்த வயரிங் படம் ஒன்றைப் புகைப்படமாக இணையுங்கள். பலகைக்கு அடியில் எடுத்த வயர்க் காட்டுப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. வந்த பதிலுக்குக் கீழேயே எழுதுங்கள், டிக்கெட் எண் (உங்கள் புகாருக்கு அவர்கள் கொடுத்த எண்) தலைப்பில் அப்படியே இருக்கட்டும். புதுக் கடிதம் போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் நேரம் பாருங்கள். பிரிட்டனில் காலை 9 என்பது நமக்குக் குளிர்காலத்தில் மாலை 5, கோடையில் 4. ஜெர்மனி அதற்கு ஒரு மணி முன்னால், அதாவது நமக்கு மாலை 4 அல்லது 3. ஜப்பான் நம்மைவிட ஒரு மணிதான் முந்தி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 என்றால் நமக்கு இரவு 9 அல்லது 10. பேசும்போது பெட்டியும் மீட்டரும் அந்த ஒரு மீட்டர் தண்டவாளமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக அனுப்பத்தான் வேண்டும் என்றால், கடையில் வாங்கியது கடையிடமே முதலில் கேளுங்கள். திருப்பி அனுப்பும் எண் கிடைக்காமல் தபாலில் போடாதீர்கள். சுங்கத் தாளில் "பழுது பார்க்கத் திருப்பி அனுப்பப்படும் பொருள், விற்பனைக்கு அல்ல" என்று எழுதி, அவர்களும் திரும்ப அனுப்பும்போது அதையே எழுதும்படி கேளுங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பொருள் திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதல்ல என்று காட்ட அது வேண்டும். பெட்டியின் திருகைக் கழற்றிப் பார்க்காதீர்கள். முத்திரை கிழிந்தால் பேச்சே இல்லை.

---

பந்திங்_என்கேஜ் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். அமெரிக்காவிலிருந்து வந்த தொடக்க செட் ஒன்றில் அடாப்டர் உள்ளீடு 120 வோல்ட், 60 சுழற்சி என்று போட்டிருக்கிறது. மூன்று முனை பிளக் மாற்றி போட்டு இங்கே ஓட்டலாமா?

---

ஓம்_விதி எழுதியது:

கூடாது. பிளக் மாற்றி வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. போட்ட நொடியில் அடாப்டர் போய்விடும், பெட்டியையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஒட்டுச்சீட்டில் 100–240 என்று இருந்தால் மட்டும் பிளக் மாற்றி போதும். ஜப்பான் உள்நாட்டு செட்டுகள் 100 வோல்ட், அவற்றுக்கும் இதே விதி.

செட்டின் பெட்டிக்கு எத்தனை வோல்ட், டிசியா ஏசியா, எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று அடாப்டரின் வெளியீட்டு வரியில் இருக்கும். டிசி என்றால் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனைத் திசை உள்ள உள்ளூர் அடாப்டர் வாங்கலாம். வாங்கும்முன் அந்த எண்ணைச் சொல்லி இது ஏற்புடையதா என்று தயாரிப்பாளரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கிவிடுங்கள். 240-ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் ஓட்டலாம், ஆனால் 60 சுழற்சிக்குச் செய்த பழைய இரும்பு அடாப்டர் 50-ல் கூடுதலாகச் சுடும். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

---

சிப்புட்_சைடிங் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

ஒன்றும் மாட்டாமல் 10 நிமிடம்: ட்ரிப் இல்லை. தனித் தண்டவாளத்தில் எஞ்சின் 15 நிமிடம்: ட்ரிப் இல்லை, 0.3 ஆம்பியர். நாணயம்: வைத்தவுடன் ட்ரிப், சிவப்பு விளக்கு ஒரு சிமிட்டல், எடுத்ததும் திரும்பியது.

பெட்டி கழற்றிய லேஅவுட்: மெயின் பக்கம் இணைப்பு இல்லை. முதல் பாயிண்ட் சைடிங் பக்கம் 2.1 ஓம், இரண்டாவது பாயிண்ட் 2.4 ஓம்.

பல்பு, பிரிட்ஜ் வைத்து: பெட்டி முனை 14.6 வோல்ட், கடைசி முனை 10.1, திரையில் 1.5 ஆம்பியர்.

---

ஓம்_விதி எழுதியது:

4.5 வோல்ட்டை 1.5-ஆல் வகுத்தால் 3 ஓம். 14.6-ஐ அந்த 3-ஆல் வகுத்தால் 4.87 ஆம்பியர். 5-க்கு இரண்டு விரற்கடை கீழே. பெட்டி ட்ரிப் ஆகாமல் எஞ்சினை வறுத்ததற்குக் காரணம் இந்த எண்தான். புது பஸ் வயர் போடும்வரை கடைசி முனையில் எதையும் ஓட்டாதீர்கள், பெட்டியில் ட்ரிப் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் இன்றே 2 ஆம்பியருக்கு இறக்கிவிடுங்கள். உங்கள் லேஅவுட்டுக்கு 5 தேவையும் இல்லை.

---

பழைய_சிக்னல் எழுதியது:

ரெண்டு பாயிண்டும் ஷார்ட் காட்டுது, நினைச்சபடிதான். நாலு பிளாஸ்டிக் ஜாயினர், அஞ்சு ஃபீடர். ஒரு பாயிண்டை முடிச்சு ஓம்ல பார்த்துட்டு அப்புறம் அடுத்ததைத் தொடுங்க. எல்லாத்தையும் போட்டுட்டு கடைசியில அளந்தா, தப்பு எங்கேன்னு தேட மறுபடி எல்லாத்தையும் கழற்றணும்.

இன்னொண்ணு. பிளாஸ்டிக் ஜாயினர் போட்ட பிறகு ஃப்ராக்குக்கு மின்சாரம் நாக்கு வெளித்தண்டவாளத்தைத் தொடுற ஒரே இடத்துலேர்ந்துதான் வரும். அங்க தூசியோ எண்ணெயோ படிஞ்சா எஞ்சின் ஃப்ராக் மேல நிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால மாசம் ஒரு தடவை துடைங்க. அது போதலேன்னா, பாயிண்ட் மோட்டாருக்குக் கீழ பெக்கோ பிஎல்-13 சுவிட்ச் ஒண்ணு மாட்டி, ஃப்ராக்குக்குத் தனி வயர் கொடுங்க. சைடிங் பக்கம் சிவப்பு, மெயின் பக்கம் கறுப்பு, நான் மேல சொன்ன அதே கணக்கு.

எஞ்சின் பாயிண்டைத் தாண்டும்போது கண் சிமிட்டுற நேரத்துக்கு மட்டும் ஷார்ட் ஆனா, சக்கரத்தோட உள்முகம் திறந்திருக்கிற நாக்கை உரசுது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளங்க, 14.4 மி.மீ. வாக்குல இருக்கணும். குறைஞ்சிருந்தா சக்கரத்தை மெல்ல வெளியே இழுங்க.

---

சிப்புட்_சைடிங் எழுதியது:

2.5 சதுர மி.மீ. பஸ், ஃபீடர் 11 ஜோடி, எஸ்எல்-11 நான்கு. பல்புச் சோதனை மறுபடி: பெட்டி 14.6, கடைசி முனை 14.3, 1.9 ஆம்பியர். தடை 0.16 ஓம். நாணயம் எல்லா அடியிலும் உடனே ட்ரிப், ரப்பர் ஆலை சைடிங் கடைசி அரை அடியில் மட்டும் ஒரு நொடி தாமதம். அங்கே ஜாயினர் தளர்ந்திருந்தது, ஃபீடர் ஒன்று கூடப் போட்டபின் சரி.

சப்போர்ட்டுக்கு மூன்று சோதனை முடிவையும் எழுதி, பெட்டியில் குறை இல்லை, டிக்கெட்டை மூடலாம் என்று அனுப்பினேன். கூடவே டிக்கெட் அண்ணன் சொன்னதுபோல் ஒரே ஒரு கேள்வி: ட்ரிப் அளவை 2 ஆம்பியருக்கு எப்படி இறக்குவது. மறுநாளே பதில், மெனுவில் எந்த வரி என்று படத்தோடு.

---

டிக்கெட்_எண் எழுதியது:

அந்தப் பதிலை அச்செடுத்துப் பலகைக்கு அடியில், பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், தம்பி. உங்கள் கையால் வரைந்த வயரிங் படத்தையும் அதன் பக்கத்திலேயே. மதியம் மலைப்பக்கம் இடி கேட்டால் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், கணினிக்குப் போகும் கேபிளையும் சேர்த்து. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள்.